டெல்லி சரஸ் மேளாவில் நான் பார்த்த பல ஊர் வழக்கங்கள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைங்க, நாலு ஆடு, குழு வேலை இதுதான் எனக்குத் தெரிஞ்சது. போன நவம்பர் மாசம் நம்ம கூட்டமைப்பு சார்பா சாமை, ராகி மாவு, கொட்டை எடுத்த புளி இதெல்லாம் எடுத்துக்கிட்டு நாங்க மூணு பேர் டெல்லிக்குப் போனோம். எவ்வளவு வித்தது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை முன்னாடியே கூட்டத்தில் வாசிச்சாச்சு. தீர்மான நோட்டில் இருக்கு. இன்னைக்கு நான் பேச வந்தது கணக்கு இல்லை. அங்கே பார்த்த மனுஷங்களைப் பத்தியும், அவங்க வழக்கங்களைப் பத்தியும், அதைப் பார்த்த பிறகு நம்ம வழக்கங்களைப் பத்தி எனக்குத் தோணினதையும் சொல்லப் போறேன்.

டெல்லி பிரகதி மைதானத்தில் வருஷா வருஷம் நவம்பர் 14-ல இருந்து 27 வரைக்கும் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். அதுக்குள்ளதான் எங்க சரஸ் மேளாவும். இந்தியாவில் இருக்கிற எல்லா மாநிலத்துக் குழுப் பெண்களும் அவங்க செஞ்ச பொருளைக் கொண்டு வந்து விப்பாங்க. சென்னையில் ராத்திரி 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். ரெண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல். விடிஞ்சு பார்த்தா ஜன்னலுக்கு வெளியே தெலுங்கு போர்டு, ரெண்டு பக்கமும் பருத்திக்காடு. மத்தியானம் நாக்பூர்ல கூடை கூடையா கமலா ஆரஞ்சு. சாயங்காலம் எல்லாம் இந்தி. நம்ம ஊரு காபி ராத்திரியோட நின்னு போச்சு, அப்புறம் எல்லா இடத்திலும் டீதான். மூணாம் நாள் காலையில் இறங்கினப்போ குளிரு பல்லைக் கிட்டிச்சு.

எங்க யாருக்கும் இந்தி தெரியாது. ஆனா எனக்குக் கொஞ்சம் கன்னடம் வரும், நம்ம எல்லை ஊரு ஆச்சே. பக்கத்துக் கடையில் இருந்த கர்நாடகா அக்காவுக்குக் கன்னடமும் இந்தியும் தெரியும். மத்தவங்க இந்தியில் சொல்றதை அந்த அக்கா கன்னடத்தில் எனக்குச் சொல்லும், நான் தமிழ்ல நம்ம ஆளுங்களுக்குச் சொல்லுவேன். அந்த மாதிரிதான் 14 நாளும் பேசினோம். பேச்சுக்கு ஒண்ணும் குறைவில்லை.

முதல்ல சாப்பாட்டைச் சொல்றேன். எதிர்க் கடை ராஜஸ்தான் அக்காவுது. அரக்கு வளையல் வித்தாங்க. மதியம் ஆனா டப்பாவைத் திறந்து கனமான ஒரு ரொட்டியை எடுப்பாங்க. என்னன்னு கேட்டா கம்பு! நம்ம கம்புதான். இந்தியாவிலேயே கம்பு அதிகமா விளையற மாநிலம் ராஜஸ்தான். மாவைக் கட்டையில் தேய்க்காம ரெண்டு உள்ளங்கையிலேயே தட்டித் தட்டி ரொட்டி பண்ணுவாங்களாம். அதுமேல நெய்யும் வெல்லமும் வச்சுக் கொடுத்தாங்க. "கம்பு சூடு, அதனால குளிர் காலத்தில் தின்போம்"னு சொன்னாங்க. எங்களுக்குச் சிரிப்பு வந்திருச்சு. நம்ம ஊர்ல கம்பங்கூழ் குளிர்ச்சின்னு வெயில் காலத்தில்தானே குடிப்போம்! அந்த அக்காகிட்ட அதைச் சொன்னோம். யோசிச்சுட்டு, "எங்க ஊர்லயும் வெயில் காலத்தில் மோர் ஊத்திக் கம்பைக் கரைச்சுக் குடிப்போம், அதுக்குப் பேரு ராப்டி"ன்னாங்க. அப்போ சூடும் குளிர்ச்சியும் கம்புல இல்லை, நாம சமைக்கிற விதத்தில் இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேற விஷயத்துக்கு இது உதவும்.

அடுத்தது பேரு. குஜராத் அக்காங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடும்போது பேரோட 'பென்'னு சேர்ப்பாங்க. பென்னா சகோதரி. ஆம்பளைன்னா 'பாய்', சகோதரன். சின்னப் பொண்ணா இருந்தாலும், அதிகாரியா இருந்தாலும் பென்தான். நம்ம ஊர்ல பாருங்க, கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து நம்ம பேரு காணாமப் போயிடும். இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு மருமக, அப்புறம் பெரிய பையன் அம்மா. என் தெருவில் பத்து வீட்டுக்காரங்களுக்கு என் சொந்தப் பேரு குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடறப்போதான் நம்ம பேரு நமக்கே திரும்பக் கிடைச்சது.

அந்தக் குஜராத் அக்காங்க சொன்ன இன்னொரு கதை. அகமதாபாத்தில் 1972-ல எலா பட் என்ற அம்மா 'சேவா' என்று ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காய்கறி விக்கிறவங்க, சுமை தூக்கறவங்க, பீடி சுத்தறவங்க இவங்களுக்கான சங்கம். வங்கிகள் இவங்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்கினதால 1974-ல 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு அவங்களே வங்கி ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அடையாளத்துக்கு போட்டோ வச்சுக் கணக்கு நடத்தினாங்க. பத்து ரூபாய்! நம்ம முதல் சேமிப்பும் அப்படித்தானே ஆரம்பிச்சது.

இன்னொரு பக்கம் மணிப்பூர் பெண்கள். கருப்பு அரிசி கொண்டு வந்திருந்தாங்க, நம்ம கருப்பு கவுனி மாதிரி. அவங்க ஊரு இம்பாலில் 'இமா கெய்தெல்' என்று ஒரு பெரிய சந்தை. இமான்னா அம்மா. அம்மாக்கள் சந்தை. ஆயிரக்கணக்கான கடை, எல்லாத்திலும் பெண்கள்தான் விப்பாங்க. மீன், துணி, காய், பாத்திரம் எல்லாம். 1939-ல ஊர் ஜனங்க அரிசிக்குத் தவிக்கிறப்போ வியாபாரிங்க அரிசியை வெளியூருக்கு ஏத்தினாங்களாம். அதை எதிர்த்து இந்தப் பெண்கள்தான் தெருவுக்கு வந்து போராடினாங்க. ஆம்பளை எங்கேன்னு கேட்டதுக்கு, "வாங்க வருவாங்க, விக்க மாட்டாங்க"ன்னு ஒரு பாட்டி சிரிச்சாங்க. நம்ம வாரச்சந்தையில் தராசைப் பிடிக்கிறது யாருன்னு நினைச்சுப் பார்த்தேன்.

திரும்ப ராஜஸ்தான் அக்காவுக்கு வர்றேன். அந்த அக்கா வியாபாரத்தில் கெட்டிக்காரி. நின்னு பேரம் பேசினா ஒரு ரூபாய் விட மாட்டாங்க, கணக்கு விரல் நுனியில். ஒருநாள் அவங்க ஊரில் இருந்து, வீட்டுக்காரருக்கு மூத்தவர் முறையில் ஒருத்தர் கண்காட்சி பார்க்க வந்தாரு. உடனே அக்கா தலைத்துணியை இழுத்து முகம் முழுக்க மூடிட்டாங்க. அவரு போற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. போனதும் துணியைத் தூக்கிட்டு பழையபடி பேரம். நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். "ஏங்க்கா இப்படி?"ன்னு கேட்டேன். "மாமனார், மூத்த மச்சான் முன்னாடி முகம் காட்டக் கூடாது, அது மரியாதை. எப்பவும் அப்படித்தான்"னாங்க.

நமக்கு அது விநோதமா இருக்கு. ஆனா அந்த அக்கா அதோட விடலை. அவங்களும் எங்களை ஒரு கேள்வி கேட்டாங்க. அதுதான் இன்னைக்கு நான் இங்கே சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

எங்ககூட வந்த மூணாவது ஆள் நம்ம குழு அக்கா. அவங்க அனுமதியோடதான் சொல்றேன், பேரு சொல்லலை. வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. நாங்க கொண்டுபோன சாமையில் பாதிக்கு மேல அவங்க புடைச்சுச் சலிச்சது. முதல் நாள் காலையில் கடை திறக்கும்போது ஊதுபத்தி ஏத்தி, தேங்காய் உடைச்சு, எல்லாருக்கும் குங்குமம் கொடுத்தோம். அந்த அக்கா யாரும் சொல்லாமலே பத்தடி தள்ளிப் போய் மூட்டை பக்கத்தில் நின்னுக்கிட்டாங்க. கர்நாடகா அக்கா தட்டு எடுத்து மஞ்சள் குங்குமம் கொடுத்தப்போவும் அப்படியே. இதை எதிர்க் கடையில் இருந்து ராஜஸ்தான் அக்கா பார்த்திருக்காங்க. "பொருள் செஞ்சது அவங்க, பூஜைக்கு ஏன் தள்ளி நிக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னோம். அந்த அக்கா முகம் மாறிடுச்சு. "எங்க ஊர்லயும் இதேதான். கலர் சேலை கூடக் கட்ட விட மாட்டாங்க"ன்னாங்க. துணி வேற, பாஷை வேற, சாப்பாடு வேற. இது மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணா இருக்கு.

நாங்க தங்கியிருந்த ஹாலில் மேகாலயாவில் இருந்து வந்த காசி இனப் பெண்கள் இருந்தாங்க. நம்ம காசி ராமேஸ்வரம் காசி இல்லை. மலையில் வாழற மக்கள், அவங்க இனத்துக்குப் பேரே காசி. மஞ்சள், தேன் கொண்டு வந்திருந்தாங்க. அவங்க வழக்கத்தைக் கேட்டு ராத்திரி தூக்கமே வரலை. அங்கே பிள்ளைங்களுக்கு அம்மாவோட குலப் பேருதான். பூர்வீக வீடு கடைசிப் பொண்ணுக்குப் போகும். கல்யாணம் ஆனா மாப்பிள்ளை அந்தப் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. சொத்து சும்மா வராது, அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்க்கணும். கூடப் பிறந்தவங்களில் யாருக்காவது கஷ்டம்னா அந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கணும். 'மாமியார் வீடு' என்ற பேச்சே அவங்களுக்கு விளங்கலை. "நீங்க பிறந்த வீட்டை விட்டு எதுக்குப் போறீங்க?"ன்னு எங்களைக் கேட்டாங்க. நாங்க என்ன பதில் சொல்றது?

உடனே அது சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. ஊர்ச் சபை இருக்கே, பழைய வழக்கப்படி அதில் ஆம்பளைங்கதான் உட்காரணும். சொத்து பெண் பேரில், பேச்சு ஆண் கையில். அதையும் அவங்களே சொன்னாங்க. நம்ம பக்கம் கிராம சபையில் போய் உட்காருவோம், தலைவராக் கூட ஆகியிருக்கோம், ஆனா பட்டாவில் நம்ம பேரு இருக்காது. ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு கதவு திறந்திருக்கு, ஒவ்வொரு கதவு பூட்டியிருக்கு.

அந்தக் காசிப் பெண்கள் வீட்டுக்கு யார் போனாலும் முதல்ல கொடுக்கறது வெத்தலை பாக்கு. 'குவாய்'னு சொல்றாங்க. காய்ஞ்ச பாக்கு இல்லை, ஈரப் பாக்கு. முதல் தடவை போட்டா காது சூடாகும், வேர்த்துக் கொட்டும். அந்த டெல்லிக் குளிரிலும் எனக்கு நெத்தி வேர்த்துச்சு. பக்கத்து ஊரு எவ்வளவு தூரம்னு கேட்டா, ரெண்டு குவாய் போட்டு முடிக்கிற தூரம்னு அங்கே வழி சொல்லுவாங்களாம். ஏழை, பணக்காரன், புருஷன் இருக்கறவ, இல்லாதவ என்ற கணக்கு அந்தத் தட்டுக்கு இல்லை. அன்னைக்கு ராத்திரி ஹாலில் இருந்த எல்லாருக்கும் வரிசையாக் கொடுத்துக்கிட்டே வந்தாங்க. நம்ம அக்கா முன்னாடியும் நீட்டினாங்க. அக்கா கையை நீட்டலை. அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது. சிரிச்சுக்கிட்டே அக்கா கையைப் பிடிச்சு, விரலை விரிச்சு, உள்ளங்கையில் வெத்தலையை வச்சுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிடுச்சு.

அக்கா ரொம்ப நேரம் அதை வாயில் போடலை. அப்புறம் என்கிட்ட சொன்னாங்க: "வெத்தலை நான் தினம்தான் போடறேன். காசு கொடுத்துக் கடையில் வாங்கிப் போடறேன். தட்டுல வச்சு என் கையில் ஒருத்தர் கொடுத்து பதினோரு வருஷம் ஆச்சு."

வெத்தலை நம்ம ஊர்லயும் இருக்கு, அங்கேயும் இருக்கு. அதே இலைதான். ஒரு ஊரில் அது எல்லாரையும் சேர்த்துக்கற இலை. இன்னொரு ஊரில் சிலரை ஒதுக்கி வைக்கிற இலை. கம்பு கதைதான். குத்தம் இலையில் இல்லை, நாம வச்சுக்கிட்ட விதத்தில் இருக்கு.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை பங்களா சாஹிப் குருத்வாராவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சீக்கியர்கள் கோவில். செருப்பை ஒருத்தர் வாங்கி வச்சுக்கிறார், பார்த்தா பெரிய வசதியானவர் மாதிரி இருக்கார். உள்ளே போக ஆண், பெண் எல்லாரும் தலையை மூடணும். ராஜஸ்தான் அக்கா அதைக் காட்டி, "பாரு, இங்கே ஆம்பளையும் மூடணும்"னு சிரிச்சாங்க. 'லங்கர்'னு சாப்பாடு. குரு நானக் காலத்தில் இருந்து, கிட்டத்தட்ட 500 வருஷமா நடக்குது. தரையில் ஒரே வரிசை. யாரு, என்ன சாதி, என்ன மதம் ஒருத்தரும் கேக்கறதில்லை. ரொட்டி கொடுத்தா ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கணும், அதுதான் மரியாதை. சமையல் கட்டை எட்டிப் பார்த்தா மீசை வச்ச ஆம்பளைங்க உட்கார்ந்து மாவு உருட்டறாங்க, பாத்திரம் கழுவறாங்க. யாருக்கும் அதில் வெக்கம் இல்லை, புண்ணியம்னு செய்யறாங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்த இடத்தைக் காட்டணும்னு எங்க மூணு பேருக்குமே தோணுச்சு.

நாங்க மட்டும்தான் அதிசயப்பட்டோம்னு இல்லை. தங்கியிருந்த கட்டடத்து வாசலில் காலையில் தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டோம். மணிப்பூர் பாட்டி வந்து நின்னு, "தினமும் போடுவீங்களா? தினமும் அழிஞ்சிடுமா?"ன்னு கேட்டாங்க. "அழியத்தான் போடறோம், நாளைக்கு வேற போடுவோம்"னு சொன்னேன். அவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம வழக்கத்திலும் மத்தவங்க ஆசைப்படறதுக்கு நிறைய இருக்கு. விடக் கூடாதது இருக்கு. விட வேண்டியதும் இருக்கு.

"எப்பவும் அப்படித்தான்"னு ராஜஸ்தான் அக்கா சொன்னாங்க இல்லையா. நாமளும் அதைத்தான் சொல்றோம். ஆனா எப்பவும் அப்படி இருந்தது எதுவும் இல்லை. நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டிலேயே முதல்ல அரசாங்கம் 1989-ல மகளிர் குழு ஆரம்பிச்சது. என் மாமியார் குழுவில் சேர்ந்தப்போ ஊரே பேசுச்சாம். பொம்பளைங்க கூட்டம் போடறதா, பேங்குக்குப் போறதான்னு. அன்னைக்கு அது வழக்கம் இல்லை. இன்னைக்குக் குழுவில் இல்லாத வீட்டைத்தான் ஏன்னு கேக்கறோம். முப்பது வருஷத்தில் ஒரு வழக்கத்தை மாத்தினது வேற யாரும் இல்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கதான்.

அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன். யாருக்கும் கோபம் வரக் கூடாது.

ஒண்ணு. விழாவுக்கு வர்றவங்களை வாசலில் பன்னீர், சந்தனம், குங்குமம், கல்கண்டு தட்டு வச்சு வரவேற்கறோம். தட்டுப் பிடிக்கிறது யாரு? எப்பவும் புருஷன் இருக்கறவங்க மட்டும்தான். குத்துவிளக்கு ஏத்தறதும் அவங்கதான். ஒவ்வொரு குழுவிலும் வீட்டுக்காரரை இழந்தவங்க இருக்காங்க. தவணை தவறாமக் கட்டறவங்க பட்டியல் எடுத்தா அவங்க பேரு முதல்ல வரும். அடுத்த விழாவுக்கு அவங்களில் ஒருத்தர் தட்டுப் பிடிக்கட்டும், ஒருத்தர் விளக்கு ஏத்தட்டும். அவங்களே தள்ளி நின்னுக்குவாங்க, அதனால நாமதான் கையைப் பிடிச்சுக் கூப்பிடணும். வீட்டு விசேஷத்தில் உடனே மாறாது, எனக்கும் தெரியும், மாமியாரும் நாத்தனாரும் இருக்காங்க. ஆனா கூட்டமைப்பு விழா நம்ம விழா. இங்கே நாமதான் முடிவு பண்ணணும்.

ரெண்டு. அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கறது. தைப்பொங்கல் சீரும் ஒரு சேலையும் வந்துடும், ரிஜிஸ்டர் ஆபீசில் நாம கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம். என்ன எழுதியிருக்குன்னு கூடப் படிக்கறதில்லை. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அதில் ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களைச் சேர்க்கலை. 2005-ல நாடு முழுக்க வந்த சட்டத் திருத்தத்தில் கல்யாணம் ஆனவ, ஆகாதவ என்ற வித்தியாசமும் இல்லை. அண்ணன் தம்பியோட சண்டை போடுங்கன்னு நான் சொல்லலை. மனசார விட்டுக் கொடுக்கறவங்க கொடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பத்திரத்தைக் குழுவுக்குக் கொண்டு வாங்க. படிச்ச பொண்ணுங்க இருக்காங்க, வாசிச்சுச் சொல்லட்டும். தெரிஞ்சு கொடுக்கறதும் தெரியாமக் கொடுக்கறதும் ஒண்ணு இல்லை.

இந்த ரெண்டையும் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமா வைக்கணும்னு தலைவி அக்காகிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன். ஒவ்வொரு குழுவிலும் இதைப் பேசிட்டு வாங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்களும் வந்து ஏன் வேண்டாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறோம்.

அடுத்த வருஷம் டெல்லிக்கு வேற மூணு பேர் போகணும். இதுவரைக்கும் மாவட்டத்தைத் தாண்டாதவங்களா இருக்கட்டும். பொருளை மட்டும் மூட்டை கட்டிக்கிட்டுப் போகாதீங்க, நாலு கேள்வியும் எடுத்துக்கிட்டுப் போங்க. கம்பளி மறக்காதீங்க.